சட்டம் கேளுங்கள்: கடை திறந்திருக்கிறது, கதவு எங்கே?

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, குளுக்கோமா என் இடது கண்ணை முழுசாகவும் வலது கண்ணை முக்காலாகவும் எடுத்துவிட்டது, உங்கள் கடிதங்களை மகள்தான் வாசித்துச் சொல்கிறாள் என்று பேச்சோடு பேச்சாக எழுதியிருந்தேன். அனுதாபக் கடிதம் நாலு வந்தது. மிச்சமெல்லாம் சண்டைக் கடிதம். சண்டை என்னோடு அல்ல, பார்வை இல்லாதவர்கள் வாங்க முடியாதபடி தளம் வைத்திருக்கிற ஒன்லைன் கடைகளோடு. காணி, சீதனம், வாடகைக் கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் வருகிறேன். இந்த முறை இதுதான்.

கேள்வி: நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அரச பாடசாலையில் 17 வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். போன நவம்பரில் மகளுக்குப் புத்தகப் பை வாங்கலாம் என்று கொழும்புக் கடையொன்றின் இணையத்தளத்துக்குப் போனேன். ஒன்லைனில் வாங்கினால் மட்டும் நூற்றுக்கு 20 கழிவு. திரையில் உள்ளதை உரக்கச் சொல்லும் வாசிப்பு மென்பொருள் போனில் இருக்கிறது, அது எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே வந்தது. நிறம் தெரிவுசெய்யும் இடத்தில் ‘பட்டன், பட்டன், பட்டன், பட்டன்’ என்று நாலு தரம் சொன்னது. எந்தப் பட்டன் எந்த நிறம் என்று சொல்லவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை அமர்த்தினேன். கடைசியில் காசு கட்டும் பட்டனை எப்படித் தடவியும் பிடிக்க முடியவில்லை. கடைக்குப் போன் எடுத்தேன். ‘வீட்டில பார்வை உள்ள ஆரிட்டயாவது குடுத்துச் செய்யுங்க சேர்’ என்றார்கள். சரி, போனிலேயே ஓடர் எடுத்து அந்தக் கழிவைத் தாருங்கள் என்றேன். ‘அது ஒன்லைனுக்கு மட்டும்’ என்றார்கள். அமெரிக்காவில் ஒருவர் பீட்சாக் கடைக்கு எதிராக வழக்குப் போட்டு வென்றாராமே, இங்கே நான் போடலாமா?
(பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி)

பதில்: மாஸ்டர், ‘ஆரிட்டயாவது குடுத்து’ என்ற இடம் வந்ததும் மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, “அப்பா, இது உங்கட குடைக் கதையெல்லோ” என்றாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறும்.

மூன்று வருடத்துக்கு முன், மாரி தொடங்குகிற நேரம். ஒரு ஒன்லைன் கடையில் கறுப்புக் குடை ஒன்று பிடித்திருந்தது. எண்ணிக்கையைக் கூட்டுகிற பட்டனுக்கு அந்தத் தளத்தைச் செய்தவர் பெயர் வைக்கவில்லை. நான் அமர்த்தினேன். போன் ‘பட்டன்’ என்றது. ஏதும் நடந்த மாதிரித் தெரியவில்லை. மறுபடி அமர்த்தினேன். ‘பட்டன்’. சரியாக விழவில்லையாக்கும் என்று இன்னும் மூன்று தரம். ஒவ்வொரு அமர்த்தலுக்கும் திரையில் எண்ணிக்கை ஒன்று கூடிக்கொண்டு போயிருக்கிறது, அதைச் சொல்லத்தான் அந்தத் தளத்துக்கு வாயில்லை. நாலாம் நாள் பாண்டிருப்பில் எங்கள் வாசலில் கூரியர்ப் பொடியன் ஆறு குடையோடு நிற்கிறான். “சேர் குடைக்கடை போடப் போறீங்களோ?” திருப்பி எடுக்கச் சொல்லிக் கடைக்குப் போன் பண்ணினால், நீங்கள்தானே ஆறு என்று போட்டிருக்கிறீர்கள் என்றார்கள். பில்லிலும் ஆறு என்றுதான் இருந்தது. 30 வருடம் நீதிமன்றப் படி ஏறியவன், ஆறு குடைக்கும் காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உள்ளே வந்தேன்.

சரி, உங்கள் கேள்வி. அமெரிக்காவில் போட்ட வழக்கை அப்படியே இங்கே போட இன்றைக்கு நேர்வழி இல்லை. ஆனால் சட்டம் உங்களை ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்லமாட்டேன். எல்லாம் ஒரு சொல்லில் தொங்குகிறது. அந்தச் சொல் ‘இடம்’.

வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க எங்களிடம் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் 23 ஆம் பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, வேலையிலும் கல்வி நிலைய அனுமதியிலும் பாகுபாடு காட்டக்கூடாது. மற்றது, பொதுமக்கள் போய்வருகிற எந்தக் கட்டிடத்துக்கும் இடத்துக்கும் போகவோ அதைப் பயன்படுத்தவோ, வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக ஒருவர் மேல் தடையோ நிபந்தனையோ போடக்கூடாது. மீறினால் 24 ஆம் பிரிவின்படி மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுவோடு போகலாம். உங்களுக்கு மட்டக்களப்பு, எனக்குக் கல்முனை. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

கடையின் இணையத்தளம் ஓர் இடமா? தமிழில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ‘தளம்’ என்று பெயர் வைத்ததே நாங்கள்தான். ஆனால் 1996 இல் அதை எழுதியவர்களின் மனதில் இருந்தது படிக்கட்டு. 2006 ஒக்டோபரில் வந்த ஒழுங்குவிதிகளைப் பாருங்கள், சாய்தளம், வாசல், கழிப்பறை என்று எல்லாம் சீமெந்துக் காரியம். அதற்குக் கூட ஒரு மனிதர் நாட்டின் ஆக மேலான உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. கலாநிதி அஜித் பெரேரா, கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992 இல் ஓடிக்கொண்டிருந்த கார் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். அவர் தானே போட்ட வழக்கில்தான் 2011 ஏப்ரல் 27 ஆம் திகதி, பொதுக் கட்டிடங்களுக்குள் எல்லோரும் போய்வரக்கூடியதாக இருக்கவேண்டும் என்ற கட்டளை வந்தது. சீமெந்துக்கே அந்தப் பாடு.

அமெரிக்கரும் இதே சொல்லில்தான் இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களுடைய வலுவிழந்தோர் சட்டம் 1990 ஆம் ஆண்டுக்குரியது. அதிலும் ‘பொதுமக்கள் புழங்கும் இடம்’ என்றுதான் இருக்கிறது. 2006 இல் பார்வையற்றோரின் தேசிய சம்மேளனமும் கலிபோர்னியாவில் ஒரு பார்வையற்ற மாணவரும் டார்கெட் என்ற பெரிய கடைக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். படங்களுக்கு விளக்கம் இல்லை, மவுஸ் இல்லாமல் காசு கட்டி முடிக்க முடியாது என்பது முறைப்பாடு. உங்கள் பை மாதிரியே. எங்கள் கடைக் கட்டிடத்துக்குள் வர ஒருவரும் மறிக்கவில்லையே என்று டார்கெட் வாதாடியது. சட்டம் சொல்வது அந்த இடத்தினுடைய சேவையை, அந்த இடத்துக்குள் நடக்கிற சேவையை மட்டுமல்ல என்று நீதிபதி வழக்கைத் தொடரவிட்டார். ஒரு வேற்றுமை உருபில் திரும்பிய வழக்கு. தமிழ் படிப்பிக்கிற உங்களுக்கு இது ருசிக்கும் என்று நினைக்கிறேன். 2008 ஓகஸ்டில் 60 இலட்சம் டொலர் ஒதுக்கி டார்கெட் சமாதானத்துக்கு வந்தது.

ஆனால் எல்லா நீதிமன்றமும் ஒரே வாய் இல்லை. புளோரிடாவில் வின்-டிக்ஸி என்ற பலசரக்குக் கடை. அதற்குள்ளேயே மருந்துக் கடையும் உண்டு. பார்வையற்ற ஒருவர் தன் மருந்தைத் தளத்தில் ஓடர் பண்ணப் பார்த்தார், முடியவில்லை. கடைக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கத்தக்கதாகத் தன் மருந்தின் பெயரைச் சொல்லவேண்டும், அதுதான் அவருடைய மனக்குறை. 2017 இல் விசாரணை நீதிமன்றத்தில் வென்றார். திருத்த இரண்டரை இலட்சம் டொலர் ஆகும் என்று கணக்குச் சொன்ன கடை, தளத்துக்கும் அதோடு சேர்ந்த திட்டத்துக்கும் அதற்குமுன் பல மில்லியன் கொட்டியிருந்ததை நீதிபதி சுட்டிக்காட்டினார். 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது: தளம் என்பது இடமே அல்ல, சட்டத்தில் சொன்ன இடமெல்லாம் கையால் தொடக்கூடிய இடம்தான் என்று. அதே வருடக் கடைசியில், விஷயம் காலாவதியாகிவிட்டது என்று சொல்லி அந்தத் தீர்ப்பையும் அவர்களே நீக்கிவிட்டார்கள். ஆக அந்தப் பக்கத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நீங்கள் கேட்ட பீட்சாக் கடை டொமினோஸ். வழக்குப் போட்டவர் பார்வையற்றவர். போனில் தளத்தாலும் செயலியாலும் ஓடர் பண்ண முடியவில்லை, ஒன்லைன் கழிவும் கிடைக்கவில்லை. வேண்டுமென்றால் தொலைபேசியில் கூப்பிடலாமே என்றது கம்பனி. அவர் கூப்பிட்டு 45 நிமிடத்துக்கு மேல் காத்திருந்து வைத்துவிட்டார், அதுவும் ஒருமுறை அல்ல. அந்த வாதம் எடுபடவில்லை. 2019 ஒக்டோபர் 7 ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் டொமினோஸின் முறையீட்டைக் கையில் எடுக்கவே மறுத்தது. 2021 இல் கீழ் நீதிமன்றம் அவருக்குக் கொடுத்தது 4,000 டொலர். அதுவும் கலிபோர்னியாவின் சொந்தச் சட்டத்தால் வந்தது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி ஆளுக்கு நட்டஈடு கிடையாது, திருத்து என்ற கட்டளையும் வழக்குச் செலவும்தான்.

சொல் மாறினால் எவ்வளவு இலேசு என்பதற்கு அவுஸ்திரேலியாவைச் சொல்லவேண்டும். 2000 ஆம் ஆண்டு, சிட்னி ஒலிம்பிக். பார்வையற்ற ஒருவர் ஏற்பாட்டுக் குழுவின் தளத்தில் படங்களுக்கு விளக்கம் இல்லை என்று மனித உரிமை ஆணைக்குழுவிடம் போனார். திருத்த இரண்டு மில்லியன் டொலருக்கு மேல் வேண்டும் என்று குழு கையை விரித்தது. ஆணைக்குழு நம்பவில்லை. அவருக்கு 20,000 அவுஸ்திரேலிய டொலர் கிடைத்தது. அங்கே ‘இடம்’ என்ற தலையிடி வரவில்லை, ஏனென்றால் அவர்கள் சட்டத்தில் பொருட்கள், சேவைகள், வசதிகள் என்று இருந்தது. எங்கள் 23 ஆம் பிரிவில் ‘சேவை’ என்ற ஒரு சொல் இருந்தால் உங்கள் மனுவை நான் இன்றிரவே எழுதுவேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், வேதனையாகவும் வேடிக்கையாகவும் இருக்கும். எங்கள் அரசியலமைப்பின் 12(3) உறுப்புரையில் ‘கடைகள்’ என்றே இருக்கிறது. கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், களியாட்ட இடங்கள், தன் சமயத்து வழிபாட்டிடங்கள், இவற்றுக்குள் போகத் தடை போடக்கூடாது. எந்தக் காரணத்துக்காக? இனம், மதம், மொழி, சாதி, பால். வலுவிழப்பு அந்த வரிசையில் இல்லை. அது அடுத்த வரியில், 12(4) இல் வருகிறது: பெண்கள், சிறுவர்கள், வலுவிழந்தோர் முன்னேற்றத்துக்கு அரசு விசேட ஏற்பாடு செய்யலாம் என்று. செய்யலாம், அவ்வளவுதான். அதோடு அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிராகத்தான், தனியார் கடைக்கு எதிராக அல்ல.

இப்போது செய்யக்கூடியது. மறுபடி அந்தத் தளத்துக்குப் போங்கள். பக்கத்தில் இன்னொரு போனை வைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் போன் ‘பட்டன், பட்டன்’ என்று சொல்கிற சத்தம் தெளிவாக விழவேண்டும். திகதி, நேரம், போனின் மொடல், வாசிப்பு மென்பொருளின் பெயர், எந்தப் பக்கத்தில் எந்தப் படியில் நின்றுபோனீர்கள் என்பதையெல்லாம் குறித்து, கம்பனியின் பதிவு முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். ‘உங்கள் தளம் எனக்கு உதவாது’ என்று எழுதினால் வாடிக்கையாளர் சேவைப் பிள்ளை மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடிவிடும். ‘நிறத் தெரிவில் உள்ள நாலு பட்டனுக்கும் பெயர் இல்லை, காசு கட்டும் பட்டன் வாசிப்பானுக்குப் பிடிபடவில்லை’ என்று எழுதினால் அது தொழில்நுட்பக்காரர் மேசைக்குப் போகும், பெரும்பாலும் அரைநாள் வேலை. பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். பிரதி ஒன்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு. அவர்களுடைய இலக்கம் 1977. எல்லோருக்கும் என்று விளம்பரம் செய்த கழிவை உங்களுக்கு மட்டும் மறுத்தது அங்கே சொல்லத்தக்க விஷயம்.

பதில் வராவிட்டால் அந்தக் கோப்போடு என்னிடம் வாருங்கள். 23 ஆம் பிரிவில் ‘இடம்’ என்றால் என்ன என்று கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஒரு நீதிபதியிடம் கேட்டுப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. 2016 பெப்ரவரியில் வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது, அதன் 9 ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் பேர்சொல்லிச் சேர்க்கிறது. அதையும் முன்வைப்பேன். வெல்வோம் என்று வாக்குத் தரமாட்டேன். வருடக்கணக்கில் போகலாம், அதற்குள் உங்கள் மகள் ஏ.எல். பரீட்சையே எடுத்து முடித்துவிடுவாள்.

கேள்வி: இந்திய உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்புக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அதை எங்கள் நீதிமன்றத்தில் காட்டலாமா?
(சட்ட மாணவி, அக்கரைப்பற்று)

பதில்: காட்டலாம் மகள். கட்டுப்படுத்தாது, ஆனால் காது கொடுத்துக் கேட்பார்கள். 2025 ஏப்ரல் 30 ஆம் திகதித் தீர்ப்பு அது. அசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்கள் ஒரு பக்கம், பார்வையற்ற சட்டத்தரணி அமர் ஜெயின் மறுபக்கம், இரண்டு மனுக்கள் சேர்ந்தன. வங்கிக் கணக்குத் திறக்கக் கமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு என்றால் கண் இல்லாதவர் என்ன செய்வார்? டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, 20 கட்டளைகள் போட்டார்கள். எங்களுக்கு ஒரு சிக்கல். அவர்கள் சாய்ந்தது 21 ஆம் உறுப்புரையின் வாழும் உரிமையில், எங்கள் அரசியலமைப்பில் அப்படி வெளிப்படையாக ஓர் உறுப்புரை கிடையாது. நாங்கள் 12(1) சமத்துவத்தில்தான் ஏறவேண்டும். ஆகவே கடையை விட்டுவிட்டு முதலில் ஓர் அரச திணைக்களத்தின் தளத்தைப் பிடியுங்கள். ஒரு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நல்ல நல்ல வழக்கெல்லாம் 32 ஆம் நாளில் செத்ததைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். வாப்பாவின் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் கைத்தறி. நானும் தம்பியும் சாறி, சாறன் விற்க ஒரு தளம் வைத்திருக்கிறோம். லண்டன், பாரிஸ், டொரொன்டோவில் உள்ள எங்கள் ஊர் ஆட்களும் தமிழ் ஆட்களும் வாங்குகிறார்கள். போன மாதம் ஒரு ஈமெயில்: உங்கள் தளம் ஐரோப்பியச் சட்டத்தை மீறுகிறது, தண்டம் வரும், மாதம் 49 டொலர் கட்டினால் நாங்கள் தரும் ஒரு வரிக் கணினி நிரலைத் தளத்தில் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று. இரண்டு தறியை விற்றுத்தான் கட்டவேண்டும் போலிருக்கிறது. பயமாக இருக்கிறது.
(கைத்தறிக்காரர், மருதமுனை)

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. பக்கத்து ஊர்க்காரன் நான். என் அம்மாவின் பெட்டியில் இருந்ததில் பாதி உங்கள் ஊர்ச் சாறிதான். தறியை விற்காதீர்கள்.

ஈமெயிலில் பாதி உண்மை. 2019 இல் நிறைவேறிய ஐரோப்பிய அணுகல் சட்டம் 2025 யூன் 28 ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்து நுகர்வோருக்கு விற்கிற ஒன்லைன் கடைகள் அதற்குள் வருகின்றன. பாரிஸ் வரும். லண்டன் வராது, அவர்கள் வெளியே போய்விட்டார்கள், அவர்களுக்கு 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆனால் ஈமெயிலில் சொல்லாத மற்றப் பாதி: சேவை வழங்குகிற மிகச் சிறு நிறுவனங்களுக்கு, அதாவது பத்துப் பேருக்குக் குறைந்த ஆளணியும் வருடப் புரள்வு இரண்டு மில்லியன் யூரோவைத் தாண்டாததுமான இடங்களுக்கு, அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நீங்களும் தம்பியும் வாப்பாவும் சேர்ந்தால் மூன்று பேர். இரண்டு மில்லியன் யூரோவுக்குச் சாறி விற்றால் எனக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள்.

அந்த ஒரு வரி நிரல் விஷயம்தான் எனக்குக் கோபம். அதைப் போட்டதும் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மனித உருவம் வந்து நிற்கும், அமர்த்தினால் எழுத்துப் பெரிதாகும், நிறம் மாறும். எழுத்தைப் பெரிதாக்க என் போனுக்கே தெரியும். பெயரில்லாத பட்டனுக்குப் பெயர் வைக்கவேண்டியது கடைக்காரர்தான், அவருக்குத்தான் அது என்ன பட்டன் என்று தெரியும். சில தளங்களில் அந்த உருவம் என் வாசிப்பானோடு சேர்ந்து இரட்டைக் குரலில் பேசும், கலியாண வீட்டில் இரண்டு ஒலிபெருக்கி வைத்த மாதிரி. இது என் எரிச்சல் மட்டுமல்ல. அக்செஸிபி என்ற கம்பனி, தன் கருவியைப் போட்டால் எந்தத் தளமும், தளங்களை வலுவிழந்தோரும் பயன்படுத்தத்தக்கதாக அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டிக்கு ஏற்ப மாறிவிடும் என்று விளம்பரம் செய்தது. அது ஏமாற்று என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றம் சாட்டி 2025 இல் பத்து இலட்சம் டொலர் கட்டவைத்தது. உங்களுக்கு ஈமெயில் போட்டது யார் என்பது வேறு. 49 டொலரை மட்டும் கட்டாதீர்கள்.

விலக்கு இருக்கிறது என்று சும்மா இருக்கவும் வேண்டாம். கொம்பியூட்டரிலிருந்து மவுஸைக் கழற்றி மேசை இலாச்சிக்குள் போடுங்கள். டாப் விசையாலும் என்டர் விசையாலும் மட்டும் உங்கள் தளத்தில் ஒரு சாறனை வாங்கிப் பாருங்கள். எங்கே முட்டி நிற்கிறீர்களோ அங்கேதான் நாங்களும் நிற்கிறோம். பிறகு என்விடிஏ என்ற வாசிப்பானை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம், பார்வையற்ற இரண்டு அவுஸ்திரேலியர் தொடங்கியது. திரையை அணைத்துவிட்டு மறுபடி வாங்குங்கள். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து நாகரிகம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். என்னைப் போல் காற்கண் மிஞ்சியவர்களுக்கு அது வெறும் வெள்ளை. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5 க்கு 1 என்ற வேறுபாடாவது இருக்கவேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது, அளந்து பார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன.

மறுகா அந்தப் படங்கள். மகளிடம் உங்கள் தளத்தைத் திறக்கச் சொன்னேன், என் போனில். முதல் சாறியைத் தொட்டதும் அது வாசித்தது: “ஐஎம்ஜி, அண்டர்ஸ்கோர், நாலாயிரத்து எழுபத்தொன்று, ஜேபிஜி.” இது சாறியா, காணி உறுதி இலக்கமா? வாப்பாவை அழைத்து, கண் தெரியாத ஒரு மனிசி கடைக்கு வந்தால் இந்தச் சாறியை எப்படிச் சொல்லுவீங்க என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். “கருநீல உடல். இரண்டு பக்கமும் மாம்பழ மஞ்சள் கரை, நாலு விரல் அகலம். தலைப்பில் மஞ்சள் கோடு ஒன்பது, ஒன்றைவிட ஒன்று ஒடுக்கம். பருத்தி நூல், கையில் கொஞ்சம் சொரசொரக்கும், இரண்டு தரம் தோய்த்தால் இளகிவிடும்.” படத்தின் மாற்று உரை என்று தொழில்நுட்பக்காரர் சொல்கிற பெட்டிக்குள் முதல் இரண்டு மூன்று வசனத்தைப் போடுங்கள், மிச்சத்தைப் படத்துக்குக் கீழே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். கண் தெரிந்தவர்களுக்கும் படத்தில் சொரசொரப்புத் தெரியாது. பாரிஸில் இருக்கிற மாமி அதை வாசித்துவிட்டு இன்னொன்று வாங்கினால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.

கேள்வி: ஐயா, கோபிக்காதீர்கள். அமெரிக்காவில் இந்த வழக்குகள் எல்லாம் லோயர்மாரின் பிழைப்புத்தானே?
(வியாபாரி, செங்கலடி)

பதில்: பாதி சரி. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் போடுகிறார்கள், அதில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய அலுவலகங்களிலிருந்து வருகிறது, பெயரை மட்டும் மாற்றி அதே முறைப்பாடு. இதற்குப் பக்கத்து வகையொன்று, பிரெய்ல் இல்லாத பரிசு அட்டை வழக்குகள். நியூயோர்க்கில் பனானா ரிபப்ளிக் என்ற உடுப்புக் கடைக்கு எதிராகப் போட்ட முறைப்பாட்டில் அதை ‘உணவு நிலையம்’ என்று எழுதியிருந்தார்கள். உணவு நிலையத்தில் வாழைப்பழம் கிடைக்கலாம், ஆனால் இந்தக் கடைக்குள் அப்படி ஒரு நிலையம் இருப்பதாகத் தெரியவில்லை என்று 2020 இல் நீதிபதி அடிக்குறிப்புப் போட்டு வழக்கைத் தள்ளினார். என் தொழிலுக்கு அது வெட்கம்தான்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடைக்குள் கட்டவிழ்த்த மாடு வந்து நின்றால் படலை திறந்திருந்ததா என்றுதானே முதலில் பார்ப்பீர்கள்? அந்த வழக்குகளில் குறிப்பிட்ட குறைகளில் பல உண்மையில் இருந்தவை. எங்களிடம் வழக்கும் இல்லை, படலையும் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு வயது 63. சீனி வருத்தத்தால் பார்வை மங்கிவிட்டது. நான்தான் என் போனில் அவரின் வங்கி அட்டையைப் போட்டு ஒன்லைனில் வாங்கிக் கொடுக்கிறேன், அவரின் போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தையும் நானே பார்த்துப் போடுகிறேன். இப்போது சண்டை. “என்ட காசு, என்ட சாமான், நான் வாங்கிறன்” என்கிறார். இதில் சட்டப் பிரச்சினை ஏதும் இருக்கிறதா?
(மகள், கல்லடி)

பதில்: இருக்கிறது மகள். வங்கி அட்டை எடுக்கும்போது அம்மா ஒப்பமிட்ட தாளை எடுத்துப் பாருங்கள். இரகசிய இலக்கத்தை வேறு எவருக்கும் கொடுக்கக்கூடாது, கொடுத்து இழப்பு வந்தால் வங்கி பொறுப்பல்ல என்று சின்ன எழுத்தில் இருக்கும். சொந்தப் பிள்ளைக்கு என்று விலக்கு எழுதியிருக்கமாட்டார்கள். களுவாஞ்சிக்குடி மாஸ்டருக்குக் கடை சொன்னது என்ன? ஆரிட்டயாவது குடுத்துச் செய்யுங்க. வங்கி சொல்வது என்ன? ஆரிட்டயும் குடுக்காதீங்க. இரண்டுக்கும் நடுவில் உங்கள் அம்மா நிற்கிறார். சண்டையில் நியாயம் அவர் பக்கம்.

அவரின் போனிலேயே செய்ய விடுங்கள். அன்ட்ரொய்ட் போன் என்றால் அமைப்புகளில் டோக்பேக் என்ற வாசிப்பானை ஒருமுறை திறந்துவிட்டால் போதும். பிறகு சத்தம் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பட்டனையும் ஒன்றாக மூன்று விநாடி அமர்த்தினால் பேசத் தொடங்கும், தமிழ்க் குரலும் இருக்கிறது. ஒரு தட்டு வாசிக்கும், இரண்டு தட்டு திறக்கும். முதல் கிழமை பிச்சுப்பிடுங்குவார், போனை எறிந்தாலும் எறிவார், நான் எறிந்திருக்கிறேன். ஓடிபிக்கு நேரம் போதாமல் இரண்டு மூன்று தரம் காலாவதியாகும், அதற்கு அவர் பிழையில்லை. முதலில் ஒரு கட்டிச் சவர்க்காரம் மாதிரி மலிவான சாமானை வாங்கிப் பழகட்டும். கட்டுகிற தொகையை ஒரு தரம் வாசிக்க வைத்துக் கேட்டுவிட்டு அமர்த்தச் சொல்லுங்கள்.

குடை மட்டும் வாங்கவேண்டாம். என்னிடம் இன்னும் இரண்டு இருக்கிறது, கல்முனைப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.